கொசுறுக்கு விளைந்ததல்ல

முந்தின நாள் சாயங்காலமே தண்ணீர் கட்டி வைத்திருந்தார்கள். விடியற்காலை நாலரை மணிக்கு நாங்கள் போய் இறங்கியபோது, செம்மண் பாத்தி இளகி, கால் வைத்தால் பெருவிரல் அளவுக்குப் புதைந்தது. மார்கழிக் குளிர். நெற்றியில் பேட்டரி விளக்கைக் கட்டிக்கொண்டு ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. சரக், சரக் என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. ஈர மண்ணிலிருந்து கொத்தமல்லி வேரோடு கழன்று வருகிற சத்தம் அது.

"இழுக்கக்கூடாது சார். அடியிலே புடிச்சு லேசா ஆட்டிட்டுத் தூக்கணும். வேர் அறுந்துச்சுன்னா மத்தியானத்துக்குள்ள தலை தொங்கிடும்" என்றார் அந்த வீட்டம்மா. எனக்கும் ஒரு முறை சொல்லிக் கொடுத்தார். நான் பிடுங்கிய முதல் கொத்தில் பாதி வேர் மண்ணிலேயே தங்கிவிட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் அதைத் தனியாக எடுத்து வைத்தார். வீட்டுச் சமையலுக்கு ஆகும்.

சூளகிரி, கிருஷ்ணகிரிக்கும் ஒசூருக்கும் ஏறத்தாழ நடுவில் இருக்கிற ஊர். சூலம் போல மூன்றாக நிமிர்ந்து நிற்கும் மலைதான் ஊருக்குப் பெயர் கொடுத்தது என்பார்கள். பெங்களூருக்குப் போகிற எல்லோரும் இந்த ஊரைக் கடந்துதான் போகிறோம். பெரும்பாலும் நின்று பார்ப்பதில்லை. ஆனால் சென்னையில் நம் ரசத்தில் மிதக்கிற கொத்தமல்லியும், கேரளத்தில் சாம்பார் இறக்கும்போது தூவுகிற கொத்தமல்லியும் பல நாட்கள் இந்த ஊரிலிருந்து போனவை. பேரிகை, அத்திமுகம், காமன்தொட்டி, மேலுமலை, உத்தனப்பள்ளி என்று சுற்றியுள்ள கிராமங்களில் கொத்தமல்லியும் புதினாவும் இல்லாத மாதம் கிடையாது. சூளகிரியில் இதற்கென்றே தனிச் சந்தை நடக்கிறது.

நாங்கள் போன தோட்டம் இரண்டு ஏக்கருக்குச் சற்று மேல். அப்பா, அம்மா, மகன், மருமகள் என்று நான்கு பேர் உழைக்கிற குடும்பம். வீட்டுக்குள் தெலுங்கு, கூலிக்கு வருகிறவர்களிடம் தமிழ், பெங்களூர் வியாபாரியிடம் கன்னடம். இந்த எல்லைப் பகுதியில் மூன்று மொழி பேசுவதை யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை, பேசாமல் பிழைக்க முடியாது. பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். "பேர் எதுக்கு சார், பயிரைப் பத்தி எழுதுங்க" என்றார் பெரியவர். அப்படியே எழுதுகிறேன்.

இரண்டு ஏக்கரிலும் ஒரே நாளில் விதைப்பதில்லை. ஒரு பகுதி அறுவடைக்கு நிற்கும்போது இன்னொன்று முழங்கால் எட்டாத இளம் பச்சையாக இருக்கும். அதற்கடுத்த பாத்தியில் அப்போதுதான் முளை தலைகாட்டும். வாரக்கணக்கில் இடைவெளி விட்டு விதைத்தால்தான் எப்போதும் ஏதாவது ஒரு பாத்தி சந்தைக்குத் தயாராக இருக்கும். ஒரு பாத்தி விலையில் ஏமாற்றினாலும் அடுத்தது கை கொடுக்கும் என்ற கணக்கும் அதில் உண்டு.

விதைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் அஞ்சறைப் பெட்டியில் தனியா என்று உருண்டையாக இருப்பது ஒரு விதை இல்லை. அது ஒரு காய், உள்ளே இரண்டு விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அப்படியே போட்டால் முளைப்பு சீராக வராது. அதனால் தரையில் பரப்பி, மரக்கட்டையால் மெல்லத் தேய்த்து இரண்டாகப் பிளக்கிறார்கள். அழுத்தம் கூடினால் பருப்பு நொறுங்கும், குறைந்தால் பிளக்காது. பெரியவர் கட்டையைப் பிடித்த விதத்தைப் பார்த்தேன். கையின் கனத்தைத் தாண்டி ஒரு துளி அழுத்தமும் கொடுக்கவில்லை. பிளந்த விதையை இரவெல்லாம் ஊறவைத்து, நிழலில் ஈரம் சுண்டியதும் நெருக்கமாகத் தூவி, மண்ணைக் கீறி மூடுகிறார்கள். ஒரு வாரம், பத்து நாளில் முளை தெரியும். நாற்பது நாளை ஒட்டிப் பறிப்பு.

அந்த நாற்பது நாளும் எளிதாகப் போவதில்லை. களையெடுப்பு குனிந்தே செய்கிற வேலை. நெருக்கமாக வளரும் பயிரில் களைக்கொத்தை இறக்க முடியாது, விரலால்தான் எடுக்க வேண்டும். மழை தொடர்ந்து பெய்தால் தண்டு அழுகும். பனியும் ஈரமும் சேர்ந்தால் இலையில் சாம்பல் பூத்துவிடும். அசுவினி வந்தால் இலை சுருளும். வெயில் கூடினால் வேறொரு சிக்கல்: செடி இலையை விட்டுவிட்டுப் பூக்கக் கிளம்பிவிடும். தண்டு நீண்டு, மேலிலை பெருஞ்சீரக இலை மாதிரி நூல் நூலாகப் பிரிந்தால் அந்தக் கொத்தை எந்த வியாபாரியும் தொடமாட்டார். ஒசூர் மேட்டுநிலம், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். சூளகிரி அதைவிடக் கொஞ்சம் கீழே. சமவெளியில் சித்திரை வெயில் கொளுத்தும்போதும் இங்கே இராத்திரி சற்றுக் குளிரும். இந்தச் சிறிய வித்தியாசத்தை நம்பித்தான் இவ்வளவு கொத்தமல்லியும் இங்கே விளைகிறது.

ஆறு மணிக்குக் கிழக்கே வெளுத்தது. இப்போதுதான் தோட்டம் முழுதாகத் தெரிந்தது. பறித்த கொத்துகளை மருமகள் அள்ளிக் கொண்டுபோய்த் தொட்டித் தண்ணீரில் வேர்ப்பக்கத்தை மட்டும் அலசினார். மண் போக வேண்டும், இலை நனைந்து ஊறக் கூடாது. ஊறினால் கட்டுக்குள் புழுங்கி, ஊர் போய்ச் சேர்வதற்குள் கறுத்துவிடும். அலசியதைச் சாக்கு விரித்துப் பரப்பி, மஞ்சள் இலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு, வீட்டம்மா கட்டு போட்டார். ஒரு கைப்பிடி எடுத்து வேரைத் தரையில் தட்டிச் சமன் செய்கிறார். இன்னொரு கைப்பிடியை அதன்மேல் சேர்க்கிறார். இப்படி நான்கைந்து சேர்ந்ததும், நாரை இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போடாமல் நுனியைச் சுற்றுக்குள் செருகிவிடுகிறார். முடிச்சு போட்டால் கடைக்காரர் கத்தியால் அறுக்க வேண்டும், தண்டு காயப்படும். செருகினால் இழுத்தவுடன் அவிழும். எங்கோ கோட்டயத்திலோ கோயம்பேட்டிலோ அந்தக் கட்டை அவிழ்க்கப்போகிற, முகம் தெரியாத ஒருவருக்காக இந்த அம்மா அந்த நாரைச் செருகுகிறார். நான் எண்ணிப் பார்த்தேன், ஒரு நிமிடத்துக்கு மூன்று கட்டுகள்.

கையெல்லாம் வாசம். நசுங்கிய இலையிலிருந்து கிளம்புகிற அந்த வாசத்துக்குக் காரணம் ஆல்டிஹைடு என்ற வேதிப்பொருள் குடும்பம். இதே வகைப் பொருள் சோப்பிலும் உண்டு. மரபணு வேறுபாட்டால் உலகில் சிலருக்குக் கொத்தமல்லி வாயில் வைத்தால் சோப்பைத் தின்றதுபோல இருக்குமாம். அவர்களுக்காக வருத்தப்படுகிறேன். எகிப்தில் துட்டன்காமன் கல்லறைக்குள்கூட மல்லி விதையை வைத்து அனுப்பியிருக்கிறார்கள். மூவாயிரம் ஆண்டுக்கு மேலாக மனிதன் விடாமல் பிடித்துவைத்திருக்கிற வாசம் இது.

மகன் அப்போதுதான் இரவு ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினார். சட்டையை மாற்றிக்கொண்டு நேரே பாத்திக்கு வந்து உட்கார்ந்தார். தூங்கவில்லையா என்று கேட்டேன். "வண்டி ஏத்திட்டுத் தூங்கிக்கலாம்ணா" என்றார். கட்டு எண்ணுகிற இடைவெளியில் தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். அமெரிக்காவில் கிரான்பெர்ரி அறுவடை. இடுப்பளவு தண்ணீரில் ஒரு குடும்பமே இறங்கி நிற்கிறது. சுற்றிலும் தண்ணீரே தெரியாமல் சிவப்புப் பழம் மிதக்கிறது. கரையில் நின்று வேடிக்கை பார்க்க ஆட்கள் வந்திருக்கிறார்கள். "அங்க அறுப்பைப் பார்க்கறதுக்கே ஜனங்க வர்றாங்கண்ணா" என்றார் ஆச்சரியமாக.

வீடு திரும்பிய பிறகு அந்த வீடியோ எனக்குள் நிறைய யோசனைகளைக் கிளப்பியது. கிரான்பெர்ரி தாழ்ந்த சதுப்பு நிலத்தில் படரும் கொடி. பழத்துக்குள் காற்று நிறைந்த நான்கு சிறு அறைகள் இருப்பதால் அது மிதக்கும். அதனால் பழுத்ததும் வயலில் தண்ணீரை நிரப்பி, கொடியைக் கலக்கிவிட்டு, மிதக்கும் பழத்தை ஒருபுறமாக ஒதுக்கி அள்ளுகிறார்கள். விஸ்கான்சின், மாசசூசெட்ஸ் மாநிலங்களில் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்யும் குடும்பங்கள் உண்டு. நூறு ஆண்டு கடந்தும் காய்க்கிற கொடிகள்கூட அங்கே இருக்கின்றன.

எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறொன்று. 1930-இல் மூன்று பண்ணைக்காரர்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவைத் தொடங்கினார்கள். எலிசபெத் லீ என்ற பெண்மணி அவர்களில் ஒருவர். அதுதான் இன்றைய ஓஷன் ஸ்பிரே. ஏறத்தாழ 700 விவசாயக் குடும்பங்களுக்குச் சொந்தமான நிறுவனம். பழமாக விற்க முடியாததைச் சாறாக்கினார்கள், உலர்த்தினார்கள். விளைச்சல் மிஞ்சி விலை படுத்துவிட்ட 2000, 2001 ஆண்டுகளில், யார் எவ்வளவு சந்தைக்கு அனுப்பலாம் என்று அந்நாட்டு வேளாண் துறை வரம்பு கட்டியது. அங்கேயும் விவசாயிக்குக் கஷ்டம் உண்டு. ஆனால் விலை விழுந்தால் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு இருக்கிறது. அந்தப் பழத்தின் உலர்ந்த பாக்கெட் இன்று பெங்களூர் சூப்பர் மார்க்கெட்டில் தொங்குகிறது. பெங்களூருக்குப் பக்கத்திலேயே விளைகிற கொத்தமல்லிக்கு மறுநாள் மாலைக்கு மேல் ஆயுள் இல்லை.

விலைக்கு வருவோம். கட்டு ஐம்பது ரூபாயைத் தொட்ட நாளும் சூளகிரியில் உண்டு, ஐந்து ரூபாய்க்கும் கீழே போன நாளும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் சில வாரங்கள்தான் ஓடியிருக்கும். ஆந்திரத்தில் மழை, கேரளத்தில் பண்டிகை, கர்நாடகத்தில் அமோக விளைச்சல் என்று எங்கெங்கோ நடப்பது இந்த இரண்டு ஏக்கருக்கு விலை வைக்கிறது. விலை ஏறியதைப் பார்த்து எல்லோரும் ஒரே நேரத்தில் விதைக்கிறார்கள், நாற்பது நாள் கழித்து எல்லோருடைய வண்டியும் ஒரே நேரத்தில் சந்தைக்குள் நுழைகிறது. ராயக்கோட்டைத் தக்காளிக்கும் இதே கதைதான், ஆனால் தக்காளியைச் செங்காயாகப் பறித்து இரண்டு நாள் தள்ளலாம். கிருஷ்ணகிரி மாங்காய்க்குக் கூழ் ஆலை இருக்கிறது. ஆலை கொடுக்கும் விலையில் ஆண்டுதோறும் சண்டை நடந்தாலும், கொண்டுபோய்க் கொட்ட ஓர் இடமாவது இருக்கிறது. கொத்தமல்லிக்கு அதுவும் இல்லை.

பறிப்புக் கூலி, நார், வண்டி வாடகை, மண்டிக் கமிஷன். விலை ஒரு அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால் இந்த நான்கைக்கூட அது தாங்காது. அப்போது பறிப்பதைவிடப் பறிக்காமல் விடுவதே நட்டத்தைக் குறைக்கும். போன வருஷம் ஒரு பாத்தியை மாட்டுக்கு விட்டதாகப் பெரியவர் சொன்னார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாடும் ரெண்டு நாளைக்கு மேல திங்கலை சார்" என்றார்.

ஏழரைக்குள் டெம்போவில் ஏற்றி முடித்தாக வேண்டும். பறித்த பிறகும் இலை மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அடுக்கை நெருக்கினால் உள்ளே சூடேறும். அடுக்குக்குள் கையை விட்டுப் பார்க்கச் சொன்னார் மகன். அந்தக் குளிரிலும் உள்ளே இளஞ்சூடாக இருந்தது. மதியம் வரை இப்படியே கிடந்தால் நடுக்கட்டு மஞ்சளாகிவிடும். சந்தையில் விலை பேச இந்தக் குடும்பத்துக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான். வியாபாரிக்கும் அது தெரியும். நெல்லை வைத்திருந்து விற்கலாம், புளியை வைத்திருந்து விற்கலாம். வாடுகிற சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறவர் பாதி தோற்றபடிதான் பேசத் தொடங்குகிறார். வியாபாரியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவரும் இராத்திரி முழுக்கக் கேரளத்துக்கு வண்டி விடுகிறவர், வழியில் சரக்கு கருகினால் இழப்பு அவருடையது. இரு பக்கமும் அவசரப்படுகிற இந்தச் சந்தையில் குறைவது குளிர்ச்சியான ஓர் அறை.

கேரளம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2020 நவம்பர் 1 முதல் அந்த மாநிலம் தன் விவசாயிகள் விளைவிக்கும் 16 வகைக் காய் கனிகளுக்கு அடிப்படை விலை நிர்ணயித்தது. உற்பத்திச் செலவுக்கு மேல் 20 சதவீதம் சேர்த்துக் கணக்கிட்ட விலை அது. சந்தை அதற்குக் கீழே போனால் அரசு கைகொடுக்கும் என்பது ஏற்பாடு. நம் கொத்தமல்லியை வாங்கித் தின்கிற மாநிலம் தன் காய்கறிக்குத் தரை போட்டிருக்கிறது. விளைவித்து அனுப்புகிற நாம் போடவில்லை. மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதார விலைப் பட்டியலில் நெல், கோதுமை, பயறு, எண்ணெய் வித்து, பருத்தி என்று 22 பயிர்கள் இருக்கின்றன. அதில் கீரைக்கு இடமே இல்லை. 2018-19 பட்ஜெட்டில் தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்குக்கு என்று ஒரு திட்டம் வந்தது. நாள்தோறும் இலட்சக்கணக்கான வீடுகளுக்குள் போகிற கொத்தமல்லியை அப்போதும் யாரும் நினைக்கவில்லை. இதே மாவட்டத்தில் தளியில் இந்திய-இஸ்ரேல் கூட்டு முயற்சியில் கொய்மலருக்கு ஒரு மகத்துவ மையம் நடத்த முடிகிறதென்றால், சூளகிரிச் சந்தைக்கு ஒரு குளிர்பதனக் கிடங்கு கட்டுவது ஆகாத காரியமா?

இன்னொரு நெருக்கடி சத்தமில்லாமல் வருகிறது. 1970-களில் ஒசூருக்கு சிப்காட் வந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று பெரிய தொழிற்சாலைகள் எழுந்தன. இன்று சூளகிரிப் பக்கமும் தொழிற்பேட்டைகள், உத்தனப்பள்ளி தாண்டினால் டாடா எலக்ட்ரானிக்ஸின் பிரம்மாண்டமான ஆலை. வேலை வந்தது, மாதச் சம்பளம் வந்தது. நாங்கள் பார்த்த இந்தக் குடும்பமே விலை விழுந்த மாதங்களில் மகன் சம்பளத்தில்தான் நிற்கிறது. அதை மறுக்க முடியாது. ஆனால் பாத்தியில் உட்கார்ந்திருந்த கூலிப் பெண்களில் ஐம்பது வயதுக்குக் குறைந்தவர் ஒருவர்கூட இல்லை. இளம் பெண்கள் கம்பெனி பஸ் ஏறிவிட்டார்கள். இந்தப் பெண்களுக்குப் பிறகு, வேர் அறாமல் பறிக்கிற கை எங்கிருந்து வரும்? தண்ணீரும் கீழே போய்க்கொண்டிருக்கிறது, போர்வெல் ஆயிரம் அடி தாண்டிப் போகிறது. 2023-இல் உத்தனப்பள்ளி, நாகமங்கலம், அயர்னப்பள்ளி விவசாயிகள், விளைநிலத்தைச் சிப்காட்டுக்கு எடுக்காதீர்கள் என்று மாதக்கணக்கில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். தொழிற்சாலைக்கு மேட்டாங்காடு போதும், மூன்று போகம் விளைகிற தண்ணீர்ப் பாங்கான நிலம் எதற்கு என்பது அவர்களுடைய கேள்வி. எனக்கு அது நியாயமான கேள்வியாகவே படுகிறது. இந்தக் குளிர்ந்த மேட்டுநிலம் அளவாகத்தான் இருக்கிறது. தளம் போட்டு மூடிவிட்ட மண்ணில் மறுபடி கொத்தமல்லி விதைக்க முடியாது.

டெம்போ கிளம்பியது. பெரியவர் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். காதி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எனக்கு ஒரு கட்டைக் கொடுத்தார். காசு கொடுத்தேன், வாங்க மறுத்தார். வண்டி மண் பாதையில் ஆடி ஆடிப் போய், ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிக்கு ஓடுகிற 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறி, லாரிகளுக்கு நடுவே மறைந்தது. பாத்தியில் அம்மா உதிர்ந்த இலைகளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். மகன் தூங்கப் போய்விட்டார். பறித்து முடித்த பாத்தியில், வேர் எடுத்த இடமெல்லாம் சின்னச் சின்னக் குழிகளாகத் தெரிந்தது. நாளை மறுநாள் உழுது, அடுத்த வாரம் மறுபடி விதைப்பார்கள்.

அங்கிருந்து பெங்களூர் போய்விட்டு, மாலை திரும்பும் வழியில் சந்தைப் பக்கம் நின்று, காலையில் என்ன விலைக்குப் போனது என்று பெரியவருக்குப் போன் செய்து கேட்டேன். "கட்டு எட்டு ரூபா சார். பரவாயில்லை, கூலி போக நின்னுச்சு" என்றார். இரண்டு நாள் கழித்து எங்கள் தெருக் கடையில் அரைக் கிலோ கத்திரிக்காய் வாங்கிய ஒருவர், "கொஞ்சம் கொத்தமல்லி போடுப்பா" என்றார். கடைக்காரரும் ஒரு பிடி எடுத்துச் சும்மா போட்டார். நானும் முப்பது வருஷம் அப்படிக் கேட்டு வாங்கியவன்தான்.

அரசுக்கு வைக்கிற கோரிக்கை இரண்டு. சூளகிரிச் சந்தைக்குக் குளிர்பதன வசதி வேண்டும். கேரளம் செய்ததுபோலக் கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும் ஓர் அடிப்படை விலை வேண்டும். வாசகர்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை காய்கறிக் கடையில் கொத்தமல்லியைக் கொசுறாகக் கேட்காதீர்கள். விலை கேட்டு, காசு கொடுத்து வாங்குங்கள்.